பாறைக்கு ஒரு துணை

ஜெபசீலியின் கண்ணுக்குத் தப்பி ஒரு கல் வெளியே போய்விட முடியாது. பாலிஷ் லைனிலிருந்து வரும் கருங்கல் ஸ்லாப்பின் ஓரத்தில் குனிந்து, கூரையில் எரியும் டியூப்லைட் அந்தக் கல்லுக்குள் எப்படித் தெரிகிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள். வெளிச்சக் கோடு நூல் பிடித்த மாதிரி நின்றால் பாஸ். ஓர் இடத்தில் நெளிந்தாலும் திரும்பப் போய் இன்னொரு தேய்ப்பு வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். "பல்லுல கீரை ஒட்டியிருந்தா கல்லுல தெரியணும். அதுக்குப் பேருதான் பாலிஷ்" என்பாள். சூளகிரி தாண்டி ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த கிரானைட் கம்பெனியில் எல்லாருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம். அத்தனை கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டுதான் அப்படி ஒரு மடத்தனத்தைச் செய்துவைத்தாள். என்னத்தைச் சொல்ல!

தேய்த்து முடித்த கற்களைச் சாய்த்து அடுக்கும் யார்டின் பின்கோடியில் ஒரு பாறை உண்டு. பழைய குவாரிக்காரர்கள் வெட்டாமல் விட்டுப்போன மிச்சம். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து உதிர்கிற சமயத்தில் அந்தப் பாறைக்கு ஒரு குருவி வந்து சேரும். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. நிழலில் கறுப்பு, வெயில் பட்டால் சிலேட்டு நீலம். இடது இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு. அந்த வெள்ளையை வைத்துத்தான், மூன்று குளிர்காலமாக வருவது ஒரே ஆள் என்று ஜெபசீலி கண்டுபிடித்திருந்தாள்.

படம் எடுத்து, ஓசூரில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியதும் உடனே போன் வந்தது. சத்யப்ரியா என்று ஒரு பெண், சிப்காட்டில் இன்ஜினியர்.

"அக்கா, இது நீலப் பாறைப் பூங்குருவி. அவ்வளவு தூரம் வடக்கேருந்து வருது. நம்ம ஏரியாவுல பார்த்தவங்களே ரொம்பக் கம்மி. இடத்தை யாருக்கும் சொல்லிடாதீங்க, கேமராவைத் தூக்கிட்டுக் கூட்டம் வந்துடும்."

ஜெபசீலி சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு ஓர் உடைந்த கல்லில் உட்கார்ந்து தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருவிக்கு ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. பாறை, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்ட் மூலையில் நிற்கிற நுணா மரம், நடுவில் கிடக்கும் கல்சில்லுகள் எல்லாம் அதனுடையவை. வேறொரு பறவை உள்ளே வந்தால் முதலில் பாறை உச்சியில் குனிந்து நிமிர்ந்து ஒரு கும்பிடு போடும். பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டும். வந்தவன் அதற்குள் புரிந்துகொண்டு போய்விட்டால் மரியாதை. இல்லாவிட்டால் நேரே மேலே விழுந்து துரத்தும். துரத்தி முடித்துவிட்டு உச்சிக்கு வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி தொண்டைக்குள்ளேயே பாடிக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்த்தவளுக்கு என்ன தோன்ற வேண்டும்? இந்த ஆளுக்குத் தனியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்று தோன்ற வேண்டும். அவளுக்குத் தோன்றியது வேறு. 'ஐயோ பாவம், ஒத்தையில கெடக்கே' என்று தோன்றியது.

இவளுக்கா இப்படித் தோன்றியது என்பதுதான் வேடிக்கை. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, நாற்பதை நெருங்குகிற வயதில், சூளகிரியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் எட்சன் போன் செய்வான். சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்பே, "எத்தன நாளைக்குட்டி இப்பிடி ஒத்தையில கெடப்ப?" என்று ஆரம்பிப்பான். கேட்டுக் கேட்டு அவள் பல்லைக் கடித்துக் கடித்து, பல்லே தேய்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனபோதும் அதே பாட்டு. மனைவியை இழந்த ஒரு கோவில்பட்டிக்காரர், நல்ல மனுஷர், பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டுமா என்றான். தொல்லை தாங்காமல் "வரட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வந்த கையோடுதான் அந்த மடத்தனத்தைச் செய்தாள். நடுவில் வெள்ளைக் கீற்று ஓடியதால் அவளே கழித்துப் போட்ட ஸ்லாப் ஒன்று கிடந்தது. கீற்றைத் தவிர மற்றபடி அருமையான பாலிஷ். கிரேன் ஓட்டும் வெங்கடப்பனிடம் போனாள்.

"வெங்கடப்பண்ணே, அந்தக் கல்ல பாறைக்கு அடியில கொண்டுபோய் சாச்சு வையுங்களேன். பாறையப் பாத்தாப்ல."

வேப்பனப்பள்ளிக்காரர் வெங்கடப்பன். வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். "எதுக்கும்மா?" என்றார்.

"அது மூஞ்சி அதுக்குத் தெரியும்லா. ஒரு தொணை மாதிரி இருக்கும்."

"தேவுடா! குருவிக்குக் கல்யாணமா?" என்று சிரித்துக்கொண்டே ரிமோட்டை அழுத்தி வைத்துக் கொடுத்தார். ஊரில் யாராவது ஒரு குருவிக்கு இரண்டு ஆள் அகலத்துக்குக் கண்ணாடி வைப்பார்களா? கருங்கல் தேய்க்கிறவர்கள்தான் வைப்பார்கள்.

அன்று மதியமே குருவி இறங்கி வந்தது. கல்லுக்கு முன்னால் நின்றது. குனிந்து நிமிர்ந்தது. உள்ளே இருந்த குருவியும் குனிந்து நிமிர்ந்தது. இது வாலை வெட்டியது, அதுவும் வெட்டியது. இது எழும்பி அலகால் தொட்டது, அதுவும் தொட்டது. ஜெபசீலிக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்து, 'துணை கிடைச்சாச்சு' என்று எழுதி, குழுவில் போட்டாள். இதயம் இதயமாக வந்து விழுந்தது.

சத்யப்ரியா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, அந்தக் கல்லை உடனே எடுங்க. அது கொஞ்சலை, சண்டை போடுது. தன் இடத்துல வேற ஆண் குருவி வந்து நிக்குதுன்னு நெனச்சுக்கிச்சு. இது முட்டினா அதுவும் முட்டும், இது விலகற வரைக்கும் அதுவும் விலகாது. சாப்பிடாம சாகற வரைக்கும் மோதும்க்கா."

கும்பிடும் வால்வெட்டும் என்னவென்று ஜெபசீலிக்குத் தெரியாதா? மூன்று வருஷம் பார்த்தவள். மைனாவுக்குப் போட்டால் மிரட்டல், கல்லுக்குப் போட்டால் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டாளே! ஓடிப்போய் ஸ்லாப்பின் மேல் கோணியைப் போர்த்தினாள்.

அதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. எதிரி ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டான். இப்போது கோணிக்குள் ஒளிந்துகொண்டான். குருவி அவனைத் தேடிக்கொண்டு யார்டுக்குள் வந்தது. யார்டு முழுக்க என்ன இருக்கிறது? வரிசை வரிசையாகக் கருங்கல். பல்லில் ஒட்டிய கீரை தெரிகிற பாலிஷ், அவளே பாஸ் பண்ணியது. ஒவ்வொரு கல்லிலும் அவன் நின்றான்.

அன்றிலிருந்து குருவி பாறைக்குத் திரும்பவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை கற்கள் சாய்ந்திருக்கும் ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பறந்து மோதியது. டக், டக் என்று அந்தச் சத்தம் பாலிஷ் மெஷின் இரைச்சலையும் மீறி அவள் காதில் விழுந்தது. மற்றவர்களுக்குக் கேட்டதோ என்னவோ. அலகின் நுனி சில்லுப் போயிருந்தது. நெற்றியில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. அவள் கோணி போர்த்திக்கொண்டே போக, அது அடுத்த கல்லுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மொத்த யார்டையும் போர்த்தக் கோணிக்கு எங்கே போவது?

அந்த நாட்களில்தான் நுணா மரத்தில் இன்னொரு குருவி வந்து உட்கார்ந்தது. பழுப்பு நிறம், மார்பில் செதில் செதிலாகக் கோலம்.

"பெண் குருவிக்கா" என்றாள் சத்யப்ரியா, படத்தைப் பார்த்துவிட்டு. "ஜோடி சேர வந்திருக்குன்னு நினைக்காதீங்க. குளிர்காலத்துல ஆணும் பெண்ணும் தனித்தனியா ஆளுக்கொரு இடம் பிடிச்சுக்கும். காலி இடம்னு நெனச்சு வந்திருக்கு."

முதலில் நுணா மரம். பிறகு தண்ணீர்த் தொட்டி. துரத்த வேண்டியவன் யார்டுக்குள் தன் நிழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பழுப்புக் குருவி ஒவ்வோர் இடமாக வந்து, கும்பிட்டு, வாலை வெட்டி, யாரும் வராததைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. கற்களைக் கன்டெய்னரில் ஏற்றும் நாளன்று காலையில் அது பாறையின் இடுப்பில் நின்றுகொண்டிருந்தது. உச்சி மட்டும்தான் பாக்கி.

அன்று காலையில் யார்டு சூப்பர்வைசர் விமல்ராஜும் பொறுமை இழந்துவிட்டான். ஜெபசீலியைவிடச் சின்னவன், சேலத்துக்காரன், கெட்டவன் இல்லை. மதியம் வெளிநாட்டு வியாபாரியின் ஆள் வந்து கற்களைப் பார்த்த பிறகுதான் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பார்த்தால் கல்லெல்லாம் எச்சம், நடுநடுவே சின்னச் சின்ன ரத்தப் பொட்டு.

"அக்கா, இது என்னங்க்கா? கல்லை வாங்க வர்றவன் இதைப் பார்த்தா என்னைய நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பான். செக்யூரிட்டிகிட்ட உண்டிவில்லு இருக்குது. ஒரே அடி, முடிஞ்சு போச்சு."

"ஏ தம்பி, அடிக்கக் கூடாது! பாவம்!" அவள் குரல் உடைந்தது. "தப்பு எம்மேல. மதியம் வரைக்கும் எனக்கு டைம் குடு. கல்லப் பூரா நானே கழுவித் தாரேன்."

"மதியம் வரைக்கும்தான். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோணியால் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோணி போர்த்தினால் எதிரி உள்ளே ஒளிந்துகொள்கிறான், அவ்வளவுதான். கல்லின் பளபளப்பே சாக வேண்டும். மெஷினுக்கு அடியில் வாய்க்காலாக ஓடும் ஸ்லரியிடம் போனாள். கல்லைத் தேய்க்கும்போது வழிகிற சாம்பல் நிறச் சேறு அது. இரண்டு பக்கெட்டில் மொண்டுகொண்டு யார்டுக்கு வந்து, முதல் ஸ்லாப்பின் முகத்தில் கையாலேயே அள்ளி அப்பினாள்.

தேய்த்து முடித்த கல்லில் ஸ்லரி படுவது அந்தத் தொழிலில் மகா பாவம். காய்ந்துவிட்டால் பூ மாதிரி திட்டுப் பிடித்துக்கொள்ளும், மறுபடி லைனில் ஏற்ற வேண்டும். விரல் ரேகை பட்டதற்கே பையன்களை வாங்கு வாங்கென்று வாங்கியவள் இன்று முழங்கை வரை சேற்றோடு நிற்கிறாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குருவி இருக்கும் ஸ்டாண்டைப் பார்த்து, அது மோதிக்கொண்டிருந்த கல்லைப் பூசினாள். அது அடுத்ததற்குப் பறந்தது. இவளும் பக்கெட்டோடு ஓடினாள். பூசிய கல்லில் குருவி ஒரு முறை எட்டிப் பார்த்தது, எதிரி இல்லை, நகர்ந்தது. ஒரு வரிசை செத்தது. இரண்டாவது வரிசையும் செத்தது. வெயில் ஏற ஏற முதலில் பூசியது காய ஆரம்பித்தது. அவளுக்கு அதைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

கடைசியில் குருவிக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. ஒரு ஸ்டாண்டின் கம்பியில் உட்கார்ந்து இங்கும் அங்கும் தலையைத் திருப்பியது. மூச்சு வாங்குவது தெரிந்தது. 'போ ராசா, ஒன் பாறைக்குப் போ' என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள்.

அப்போதுதான் யார்டின் மறுகோடியில் வெங்கடப்பன், வியாபாரியின் ஆள் முன்பே பார்த்திருந்த கற்களைக் கன்டெய்னருக்காகக் கட்ட ஆரம்பித்திருந்தார். பாலிஷ் முகமும் பாலிஷ் முகமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் கட்டுவார்கள். ஒரு ஸ்லாப் ஏற்கெனவே ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது. அதன் ஜோடி கிரேனின் கிளாம்பில் தொங்கியபடி, மெதுவாகத் திரும்பி, வெயிலில் ஒரு பளிச்சென்ற வீச்சு வீசியது.

குருவி அதைப் பார்த்துவிட்டது.

யார்டைக் குறுக்கே வெட்டிப் பறந்து தொங்குகிற கல்லின் மேல் மோதியது. வழுக்கி இறங்கியது. இறங்கிய இடம் இரண்டு கல்லுக்கும் நடுவில். முன்னால் ஓர் எதிரி, திரும்பினால் பின்னாலும் ஓர் எதிரி, அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், இன்னும் ஒருத்தன். அது பைத்தியம் பிடித்தது போல அந்தச் சந்துக்குள் அடித்துக்கொண்டது. சந்து குறுகிக்கொண்டே வந்தது.

"வெங்கடப்பண்ணே! நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!"

அவர் இருந்த பக்கம் கல்லின் முதுகு. குருவி தெரியாது. மெஷின் சத்தத்தில் குரலும் போய்ச் சேரவில்லை. தொங்கும் கல்லுக்குக் கீழே ஆள் போகக் கூடாது என்பது அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே காதில் ஓதுகிற பாடம். ஜெபசீலி போனாள். ஓடிய ஓட்டத்தில் மிச்சமிருந்த பக்கெட் சேற்றைத் தொங்குகிற கல்லின் முகத்தில் முழு பலத்தோடு வீசினாள். பளபளப்பு அணைந்தது. வீசிய வேகத்தில் அவளே தடுக்கி, இரண்டு கல்லுக்கும் நடுவில் போய் விழுந்தாள்.

சேலை நுனி தெரிந்ததும் வெங்கடப்பன் ரிமோட்டை அழுத்தினார். கிரேன் நின்றது. கல் நிற்கவில்லை. டன் கணக்கில் கனம், தொங்குகிற வாட்டத்தில் ஓர் ஆட்டம் ஆடி, அவள் தோளுக்கு ஒரு சாண் வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. விமல்ராஜ் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

"லூசாக்கா நீங்க? ஒரு குருவிக்காகச் சாவறதா?" என்று கத்தினான். கத்திவிட்டு அவனே கீழே உட்கார்ந்துவிட்டான். வெங்கடப்பன் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தெலுங்கில் சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குருவி தரையில் கிடந்தது. சேறு தெறித்து நீலமே தெரியவில்லை. வெள்ளை இறகு மட்டும் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"எடும்மா, ஊட்டுக்கு எடுத்துக்கினு போ. தண்ணி கிண்ணி குடு, பொழச்சிக்கும்" என்றார் வெங்கடப்பன்.

ஜெபசீலி கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. "வேண்டாம்ணே. நான் செஞ்ச உபகாரம் போதும்" என்று எழுந்து பின்னால் தள்ளி நின்றாள். யாரையும் கிட்டே போகவும் விடவில்லை.

பாறைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டைக்குள்ளேயே பாடிக்கொள்கிற அந்தப் பாட்டு. கிடந்த குருவி தலையைத் தூக்கியது. உடம்பை ஓர் உதறு உதறி எழுந்தது. தாழப் பறந்து, தொட்டியில் ஒரு முறை உட்கார்ந்து, மறுபடி எழும்பி, பாறையின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. உச்சியில் பழுப்புக் குருவி நின்றுகொண்டிருந்தது.

இந்த முறை எதிரே இருந்தது நிஜமான ஆள். நீலம் கும்பிட்டது, வாலை வெட்டியது. பழுப்பு அசையவில்லை. நீலம் பாய்ந்தது. இரண்டும் ஒரு சுற்று சுற்றி, கல்சில்லுகள் மேல் விழுந்து, பிரிந்து, மறுபடி கட்டிப் புரண்டன. "அடி, விடாத!" என்று ஜெபசீலி தன்னை அறியாமல் சத்தம் போட்டாள். வேறொரு மாதத்தில், சாப்பிட்டு, தூங்கி, முழு அலகோடு இருந்திருந்தால் அது அந்தப் பழுப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்காது. இப்போது அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருந்த பலத்தையெல்லாம் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தது. மூன்றாவது பாய்ச்சலில் பழுப்பு அதைப் பாறையிலிருந்து தள்ளியது. தொட்டி வரை துரத்தியது, நுணா மரம் வரை துரத்தியது, காம்பவுண்டுக்கு வெளியே துரத்தியது. நீலக் குருவி ஹைவேக்கு மேலாகப் பறந்து, லாரிகளின் புழுதிக்கு அந்தப் பக்கம் மறைந்தது. மறையும் வரை அந்த வெள்ளை தெரிந்தது.

பழுப்புக் குருவி திரும்பி வந்து உச்சியில் நின்று, இவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது.

விமல்ராஜ் ஹோஸ் பைப்பை இழுத்துவந்து காயாத கற்களில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்திருந்தான். அவள் அழுவதைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான். காலையில் உண்டிவில் என்றவன் இப்போது எப்படியாவது அவளைத் தேற்ற நினைத்தான்.

"உடுங்கக்கா. அது போனா என்ன, இது வந்திருச்சே. நீங்க ஒத்தையா உக்காந்து சாப்பிடறப்போ இது இருக்கும், துணைக்கு."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று எங்கோ போய்த் தைத்தது. இதே வார்த்தை, இதே இரக்கம், இதே நல்ல மனது. வெங்கடப்பனிடம் போய்க் கல்லைச் சாய்த்து வைக்கச் சொன்னபோது அவளுடைய குரலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை அந்தக் கோவில்பட்டிக்காரவியள வரச் சொல்லாத."

"ஏட்டி, என்னாச்சு? சரின்னுதான சொன்ன? எத்தன நாளைக்குத்தான் நீ..."

"ஒத்தையில இருக்கது எனக்குச் சீக்கு இல்லண்ணே" என்றாள். "இங்க ஒண்ணு அது பாட்டுக்கு நல்லா இருந்துச்சு. நான்தான் பாவம் பாத்து வெரட்டிவிட்டுட்டேன்."

"எதட்டி? யார வெரட்டுன?" என்று எட்சன் பதறினான். அவள் போனை வைத்தாள்.

வெங்கடப்பன் கிரேனைப் பாறைப் பக்கம் கொண்டுபோய், கோணி போர்த்திய அந்த முதல் ஸ்லாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். கோணி நழுவி விழுந்தது. கல்லுக்குள் பாறையும் அதன் உச்சியில் நின்ற பழுப்புக் குருவியும் தெளிவாகத் தெரிந்தன. குருவி வாலை வெட்டியது.

"எங்கம்மா வெக்கறது?"

"சீக்கிரம் எறக்குங்கண்ணே" என்றாள் ஜெபசீலி. "மூஞ்சி மண்ணப் பாத்து இருக்கட்டும்."